யாழ்ப்பாணத்தில் கிற்றார் பழகத் தொடங்குவோருக்கு

கிற்றார் பழகத் தொடங்கி இரண்டாம் மாதமே விட்டுவிடுகிறவர்கள், தங்களுக்கு விரல் ஓடவில்லை என்றுதான் காரணம் சொல்வார்கள். அவர்கள் வைத்திருக்கிற கிற்றாரை வாங்கிப் பார்த்தால் வேறு கதை தெரியும். தந்திகள் கழுத்திலிருந்து எழும்பி நிற்கும், துரு ஏறி விரலை அராவும், சுருதி அரை மணி நேரம்கூட நிற்காது. அப்படியான கிற்றாரில் கைதேர்ந்தவர்களாலும் வடிவாக வாசிக்க முடியாது. ஆகவே கோர்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் விரல்பிடி) பிடிப்பதற்கு முன் வாத்தியத்தைச் சரிபார்க்கப் பழகுங்கள். மூன்று பக்கமும் கடல் இருக்கிற எங்கள் குடாநாட்டில் இதைப் பின்னுக்குத் தள்ளிவைக்கவே முடியாது.

எந்தக் கிற்றார்

நைலோன் தந்தி போட்ட கிளாசிக்கல், உருக்குத் தந்தி போட்ட அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக் என மூன்று வகை. கிளாசிக்கலின் தந்தி விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கழுத்து அகலம். தலைப்பக்கம் தந்திகள் தங்கிப்போகும் சிறு கட்டையை நட் என்பார்கள். அந்த இடத்தில் கிளாசிக்கலின் கழுத்து ஏறத்தாழ 52 மி.மீ., அக்கூஸ்டிக் 43 அல்லது 44 மி.மீ. சினிமாப் பாட்டுக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் கோர்ட் அடிக்க விரும்புகிறவர் அக்கூஸ்டிக்கை எடுக்கலாம். ஒவ்வொரு தந்தியாக விரலால் மீட்ட விரும்புகிறவருக்குக் கிளாசிக்கல் பொருந்தும். விரலுக்கு மிக இலகுவானது எலெக்ட்ரிக்தான். அதோடு அம்ப்ளிஃபயர், வயர், அடப்டர் எல்லாம் வாங்க வேண்டும் என்பதே அதிலுள்ள கரைச்சல். எட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்கு முக்கால் அளவுக் கிற்றார் காணும்.

கிளாசிக்கல் கிற்றாருக்கு உருக்குத் தந்தி போடவே கூடாது. நைலோன் தந்தி ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. அக்கூஸ்டிக்கின் 12 முதல் 53 வரையான செற் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் சொல்லும் தந்தித் தடிப்பு) இழுப்பது 70 கிலோவுக்கு மேல். அந்த இழுவையில் கிளாசிக்கலின் மேல்பலகை வயிறு தள்ளும், தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜ் கழன்று எழும்பும். யாழ்ப்பாணத்தில் பழைய கிற்றார்கள் பழுதாவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

மேல்பலகை ஒட்டுப்பலகையா முழுப்பலகையா என்று மேல்பலகையிலுள்ள வட்ட ஓட்டையின் விளிம்பில் பாருங்கள். மேலே தெரியும் மரவரி விளிம்பு வழியாக உட்பக்கம் வரை தொடர்ந்து போனால் அது முழுப்பலகை. விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுப்பலகையின் ஓசை நல்லதுதான், ஆனால் ஈரத்துக்கும் வெக்கைக்கும் அதுவே கூடுதலாக அசையும். முதல் கிற்றார் ஒட்டுப்பலகையாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் கடினப் பெட்டியில் வைத்து, தந்திகளை இரண்டு சுரம் அளவு இளக்கி, தலைப்பகுதி ஆடாமல் துணி அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே உலர்ந்த வீட்டில் இருந்த மரம் இங்கே வந்து ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பருக்கும். அதனால் வந்த கையோடு எதையும் அரத்தவோ திருப்பவோ வேண்டாம். ஒரு மாதம் வீட்டில் இருக்கவிட்டு, அதன்பின் தந்தி உயரத்தை அளவுங்கள்.

வாங்கும்போதே அளவுங்கள்

கடைக்குப் போகும்போது மி.மீ. கோடுள்ள உருக்கு அடிமட்டம் ஒன்றும் ஏ4 தாள் துண்டு மூன்றும் கொண்டுபோங்கள். முதலில் சுருதி கூட்டுங்கள். தந்தி இளகியிருக்கும்போது எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

கழுத்தின் வளைவை முதலில் பார்க்க வேண்டும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளே ஃப்ரெட், தலைப்பக்கமிருந்து 1, 2 என்று எண்ணுவார்கள். தடித்த ஆறாம் தந்தியை 1ஆம் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். 7ஆம் ஃப்ரெட்டின் மேல் சிறிய இடைவெளி தெரிய வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. ஒரு தாள் தாராளமாக நுழைந்து, மூன்று தாள் சேர்த்தால் தந்தி தூக்கப்பட்டால் கழுத்து சரி. இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னுக்கு வளைந்திருக்கிறது. நாலு ஐந்து தாள் போனால் முன்னுக்கு வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். வலஞ்சுழியாகத் திருப்பினால் கழுத்து நிமிரும், இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, சுருதி கூட்டி, மறுநாள் திரும்ப அளவுங்கள். இறுகி அசையாவிட்டால் பலம் போடாதீர்கள். உள்ளே அது முறிந்தால் திருத்தும் செலவு கிற்றாரின் விலையை எட்டும். பெரும்பாலான கிளாசிக்கலில் இந்தக் கம்பி இல்லை, அதனால் கழுத்து வளைந்த கிளாசிக்கலை வாங்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது தந்தி உயரம். 12ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடி வரை அளவுங்கள். அக்கூஸ்டிக்கில் ஆறாம் தந்திக்கு 2.5 மி.மீ., முதல் தந்திக்கு 2 மி.மீ. நல்ல அளவு. கிளாசிக்கலில் 4, 3 என்று இருக்கும். அக்கூஸ்டிக்கில் 3.5 மி.மீ. தாண்டினால் புதியவரின் விரல் தாங்காது. பிரிட்ஜில் தந்தி சாய்ந்துபோகும் வெள்ளைத் துண்டான சாடிலைக் கழற்றி, அடிப்பக்கத்தை அரத்தி உயரத்தைக் குறைக்கலாம். 12ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டுமென்றால் சாடிலில் ஒரு மி.மீ. அரத்த வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தட்டின்மேல் சாண்ட்பேப்பரை விரித்து, சாடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். அடி கோணலானால் ஒரு பக்கத் தந்திகளின் ஓசை அமுங்கிப்போகும். கூட அரத்திவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை, எனவே வேறொரு சாடில் கையில் இருந்தால் துணிந்து செய்யலாம்.

நட்டையும் பாருங்கள். 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 1ஆம் ஃப்ரெட்டின் மேல் தலைமயிர் அளவு இடைவெளிதான் தெரிய வேண்டும். கூட இருந்தால் சுருதி காட்டும் ரியூனரில் எல்லாம் சரியாகக் காட்டும், ஆனால் கோர்ட் பிடித்தவுடன் அபசுரமாகக் கேட்கும். தந்தியைக் கீழே அழுத்தும் தூரம் கூடுவதால் சுருதி ஏறுவதே காரணம். காது பழகாதவர் இதைத் தன் பிழை என்றே எடுத்துக்கொள்வார். நட்டின் வெட்டை ஆழமாக்க அதற்கான மெல்லிய அரம் வேண்டும், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடைசியாக, பிரிட்ஜின் பின்விளிம்பில் தாள் துண்டைச் சொருகிப் பாருங்கள். நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. அந்தக் கிற்றாரை வைத்துவிட்டு வாருங்கள்.

சுருதி

மெல்லிய தந்தி முதலாவது, தடித்தது ஆறாவது. ஆறிலிருந்து ஒன்று வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஐந்தாம் தந்தி 110 ஹேர்ட்ஸ். தலையில் கவ்வும் ரியூனர் மர அதிர்வை வாங்குவதால் சத்தமுள்ள இடத்திலும் வேலைசெய்யும். ஃபோன் ரியூனருக்கு அமைதியான அறை வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். ஏறிப்போனால் நன்றாக இறக்கித் திரும்ப ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் தலையிலுள்ள சுருதி ஆணியின் பல்லில் தளர்வு மிஞ்சி, இரண்டு கோர்ட் அடிக்கும் முன் சுருதி இறங்கிவிடும்.

ரியூனர் இல்லாத நேரத்துக்கு இதை மனப்பாடம் செய்யுங்கள்: ஒரு தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டும் அதற்கடுத்த மெல்லிய தந்தியின் திறந்த ஓசையும் ஒன்றே. மூன்றாம் தந்திக்கு மட்டும் 4ஆம் ஃப்ரெட்.

விரலுக்கு வருவோம்

இடக்கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரலை ஃப்ரெட்டை ஒட்டி, அதன் தலைப்பக்கமாக வையுங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் போட்டாலும் தந்தி இரையும். எவ்வளவு பலம் போதும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி இருக்கிறது. மூன்றாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் விரலைச் சும்மா தொட்டபடி வைத்து, வலக்கையால் மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதலில் ‘டக்’ என்று செத்த ஓசை வரும், பிறகு இரைச்சல், பிறகு திடீரென்று தெளிவான சுரம். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போடுகிற பலம் எல்லாம் வீண் நோவு. பெரும்பாலான புதியவர்கள் தேவைக்கு மிகக் கூடுதலாக அழுத்துகிறார்கள்.

முதல் கோர்ட் ஈ மைனர். ஐந்தாம், நாலாம் தந்திகளின் 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரலும் மோதிர விரலும். இரண்டாவது ஏ மைனர்: இரண்டாம் தந்தி 1ஆம் ஃப்ரெட்டில் சுட்டுவிரல், நாலாம் தந்தி 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், மூன்றாம் தந்தி 2ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். மூன்றாவது சி. ஏ மைனரைப் பிடித்தபடியே மோதிர விரலை மட்டும் ஐந்தாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் சி வந்துவிடும். இந்த ஒழுங்கில் பழகினால் ஒவ்வொரு புதுக் கோர்ட்டிலும் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். அதன்பின் ஜி: மோதிர விரல் ஆறாம் தந்தி 3ஆம் ஃப்ரெட், நடுவிரல் ஐந்தாம் தந்தி 2ஆம் ஃப்ரெட், சின்னவிரல் முதல் தந்தி 3ஆம் ஃப்ரெட். சின்னவிரல் நோகும் என்று பலர் வேறு பிடி பிடிப்பார்கள். இந்தப் பிடியில்தான் ஜியிலிருந்து சி கோர்ட்டுக்கு மோதிர விரலும் நடுவிரலும் சேர்ந்தபடி ஒரு தந்தி நகர்ந்தால் காணும். டி கோர்ட்டை இவற்றுக்குப் பிறகு எடுங்கள். சுட்டுவிரலால் எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்தும் எஃப் பார் கோர்ட்டை மூன்று மாதத்துக்குத் தொடவே வேண்டாம். அதன் இடத்தில் சி கோர்ட்டின் நடுவிரலை மூன்றாம் தந்தி 2ஆம் ஃப்ரெட்டுக்கும் மோதிர விரலை நாலாம் தந்தி 3ஆம் ஃப்ரெட்டுக்கும் மாற்றி, மெல்லிய நாலு தந்திகளை மட்டும் அடியுங்கள். பெரும்பாலான பாட்டுக்கு அது பொருந்தும்.

கோர்ட்டைப் பிடிப்பது பாதிதான், மாற்றுவதில்தான் பாட்டு நிற்கும். ஃபோனில் ஒரு நிமிடம் வைத்து, ஏ மைனர், சி, ஏ மைனர், சி என்று மாற்றிக்கொண்டே எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30 மாற்றம் வந்தால் மெதுவான பாட்டொன்றை எடுக்கலாம். ஒரு நாளில் 15 நிமிடம் இரண்டு தடவை போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் இருப்பதால் விரல்நுனி கொப்புளிக்குமே தவிர தோல் தடிக்காது. நாள்தோறும் தொட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்துவிடும். குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோலைத் தந்தி எளிதில் வெட்டும்.

வலக்கைக்கு எங்கள் சொற்கட்டே நல்ல வாத்தியார். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து ‘தகதிமி’ என்று வாயால் சொல்லுங்கள். த கீழே, க மேலே, தி கீழே, மி மேலே. கை நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், தந்தியைத் தொடாமல் விடும் இடத்திலும் கை போய் வர வேண்டும். பைலாப் பாட்டுகள் ஆறு எட்டுத் தாளத்தில் ஓடுபவை, அவற்றுக்குத் ‘தகிட தகிட’ சொல்லுங்கள். முதலில் மூன்றையும் கீழ்நோக்கியே அடித்து, ‘த’வில் மட்டும் அழுத்தம் கொடுங்கள்.

சங்கீதம் படித்தவர்களுக்கு

வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பாட்டோ வயலினோ படித்தவர்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிற்றார் கழுத்து புது இடம் அல்ல. வீணையைப் போலவே ஒரு ஃப்ரெட் ஒரு சுரஸ்தானம், 12 ஃப்ரெட் ஒரு ஸ்தாயி. நாலாம் தந்தியின் திறந்த ஓசையை ஸ என்று வையுங்கள். 0, 1, 4, 5, 7, 8, 11, 12 என்று ஏறினால் மாயாமாளவகௌளை. 0, 2, 4, 5, 7, 9, 11, 12 என்று ஏறினால் சங்கராபரணம், மேற்கத்தேய மேஜர் ஸ்கேலும் அதுதான். ஒரே தந்தியில் சரளிவரிசை வாசித்தால் கழுத்து முழுவதும் கைக்குப் பழகிவிடும்.

பாடுகிறவருக்குக் கோர்ட் அடிக்கும்போது கட்டையை, அதாவது அவர் பாடும் சுருதியை, கேளுங்கள். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டை என்றால் ஒரு ஃப்ரெட் மேலே. ஒன்றரைக் கட்டைக்குப் பாடுகிறவருக்குக் கேப்போவை (எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கவ்வி) 1ஆம் ஃப்ரெட்டில் போட்டு சி பிடிகளிலேயே வாசிக்கலாம். ஐந்தரைக்கு அதே இடத்தில் கேப்போ, பிடிகள் மட்டும் ஜியினுடையவை. நாலரைக்கு 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஈ பிடி. கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் போட்டு, ஒருதடவை சுருதி பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்தி மாற்றுவது

நாள்தோறும் வாசிக்கிற அக்கூஸ்டிக்குக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு செற். குருநகர், பாசையூர், பருத்தித்துறைக் கரையில் இருப்பவர்களுக்கு அதற்கும் முன்பே ஓசை மங்கிவிடும். பூச்சுப் போட்ட தந்தி விலை கூட, ஆனால் கரையோரத்தில் அந்தக் காசு வீண்போகாது. தொடங்குகிறவர் 10 அல்லது 11இல் ஆரம்பிக்கும் மெல்லிய செற்றை எடுங்கள்.

1. ஆணிகளைச் சுற்றி எல்லாத் தந்தியையும் தொய்ய விடுங்கள். இறுக்கமாக இருக்கும்போது குறட்டால் வெட்டினால் நுனி தெறித்து முகத்தில் அடிக்கும்.

2. தந்தியைப் பிரிட்ஜில் பிடித்து வைத்திருக்கும் முளையைக் குறட்டால் பிடுங்காதீர்கள், தலை முறியும். ஓட்டைக்குள் கையை விட்டு, கரண்டிக் காம்பால் கீழிருந்து தள்ளினால் எழும்பி வரும்.

3. புதுத் தந்தியின் குண்டு நுனியை உள்ளே விட்டு, முளையின் பள்ளம் தந்தியைப் பார்க்கும்படி வைத்து, முளையை அழுத்தியபடியே தந்தியை மேலே இழுங்கள். குண்டு உட்பலகையில் போய்ப் பிடிப்பது கைக்குத் தெரியும். முளையின் அடிநுனியில் குண்டு தங்கினால், சுருதி ஏறும்போது முளை துள்ளி வெளியே வரும்.

4. ஆணியின் துளைக்குள் விட்டு, நாலைந்து சென்ரிமீற்றர் தொய்வு வைத்துச் சுற்றுங்கள். தடித்த தந்திக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக. சுற்று குறைந்தால் வழுக்கும், கூடினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நாட்கணக்காகத் தளர்ந்துகொண்டே இருக்கும்.

5. சுருதி கூட்டி, 12ஆம் ஃப்ரெட்டருகே தந்தியை மெல்லத் தூக்கி இழுத்து, திரும்பக் கூட்டுங்கள். மூன்று நாலு தடவையில் நின்றுவிடும். நைலோன் சில நாள் எடுக்கும், பொறுக்க வேண்டும்.

வெட்டிய துண்டுகளைத் தகரப் பேணியில் போட்டு மூடுங்கள். வெறுங்காலோடு நடக்கிற வீட்டில் அது ஊசிக்குச் சமம். முதல் தந்தி தனியாக இரண்டு வாங்கி வையுங்கள், பெரும்பாலும் அறுவது அதுதான்.

உப்பும் வெக்கையும் மாரியும்

வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகப் பிடித்துத் துடையுங்கள். பழைய சாரத் துண்டு மிக நல்லது. வியர்வையும் காற்றில் வரும் உப்பும் சேர்ந்துதான் துருவாகிறது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் சேர்வதால் வெளியே நிறுத்தி வைக்கவே வேண்டாம். துரு போகட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. அது சுற்றுத் தந்தியின் இடுக்கில் இறங்கிப் பிசினாகி ஓசையை அமுக்கிவிடும். கழுத்துப் பலகை ரோஸ்வூட், எபனி போன்ற பூச்சில்லாத மரமென்றால் அதற்கென்று விற்கும் லெமன் ஒயிலை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சில துளி பூசித் துடைத்துவிடுங்கள். பளபளக்கும் மேப்பிளுக்கு எண்ணெய் தேவையில்லை. ஈரத்துணி பாவிக்க நேர்ந்தால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்ததும் பூச்சின்மேல் வெள்ளைக் கறை விடும்.

கிற்றாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். எங்கள் காற்று பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மிகக் கூடும். அப்போது மேல்பலகை பருத்து எழும்பி, தந்தி உயரமும் ஏறும். மாரியில் சாடிலை அரத்திவிட்டு, பங்குனியில் தந்தி இரைகிறது என்று தலையைப் பிடிக்க வேண்டாம். மழை மாதங்களில் எந்த மரவேலையும் செய்யாமல், சிறிய ஈரமானி ஒன்றையும் சிலிக்கா ஜெல் பைகளையும் பெட்டிக்குள் வையுங்கள். ஈரமான உறையோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக வெயிலில் காயவைத்தால் பலகை வெடிக்கும். மின்விசிறிக் காற்றே போதும்.

கிற்றாரை ஒட்டியிருக்கும் பசை ஏறத்தாழ 65 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வான் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது. சீற் கூரைக்கு அடியில் அலுமாரிக்கு மேலே வைப்பதும் நல்லதல்ல. வெளிச்சுவரில் தொங்கவிட்டால் மாரியில் சுவரின் ஈரம் ஏறும், உட்சுவரில் தொங்கவிடுங்கள். பெட்டியை நிலத்தில் வைத்து மாதக்கணக்காக மறந்தால் கறையான் வரும். கதிரையின்மேல் வைத்தால்கூடக் காணும்.

அம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு

கனடாவிலிருந்து வந்த அம்ப்ளிஃபயரை முதலில் பின்பக்கம் திருப்பி வாசியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் போட்ட உடனே ஃபியூஸோ ட்ரான்ஸ்ஃபோமரோ எரியும். பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, 110 அல்லது 120 வோல்ட்டாகக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். பின்பக்கம் எழுதிய வாற்றைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 100 முதல் 240 வரை என்று எழுதிய அடப்டருக்குப் பயமில்லை. லண்டன், பிரான்ஸ், சுவிஸ் சாமான்கள் பெரும்பாலும் 230 வோல்ட்டுக்கே செய்தவை, அவற்றையும் ஒருமுறை வாசித்துவிட்டே போடுங்கள்.

வயர் சொருகும் ஜாக் கரகரத்தால் உப்புக் காற்றில் உலோகம் கறுத்திருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைப் பத்துத் தடவை சொருகி எடுத்தால் பெரும்பாலும் தெளியும். தெளியாவிட்டால் எலெக்ட்ரோனிக் கொன்டாக்ட் கிளீனர் அடியுங்கள், கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கும் எண்ணெய் கூடாது. ஓசையை அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் உள்ள அக்கூஸ்டிக்கில் வயரைச் சொருகியபடி விட்டால் 9 வோல்ட் பற்றரி வாசிக்காமலே தீரும், ஜாக்தான் அதற்குச் சுவிட்ச். மாதக்கணக்கில் வாசிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் அரிக்கும்.

மழை இடி நேரத்தில் சுவிட்சை அணைத்தது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். கோயில் வீதியிலோ பெருநாள் மேடையிலோ ஜெனரேற்றரில் வாசிக்கும்போது தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டுச் ‘சுர்’ என்று அடித்தால், எர்த் இல்லை. அதை ஒரு பாட்டுக்காகக்கூடப் பொறுக்க வேண்டாம். வாசிப்பை நிறுத்தி, இரண்டையும் எர்த் உள்ள, ட்ரிப் சுவிட்ச் போட்ட ஒரே லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.